கழுவிய பெட்ரோல்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

காலையில் இட்லிக்கு மாவாட்டினேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். பிறகு பெட்ரோலையும் கழுவினேன்.

கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சத்தியமங்கலம் முழுக்க இப்போது இதே பேச்சுதான். பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு எத்தனால் கலக்கிறார்களாம், பழைய வண்டிகளின் ரப்பர் குழாய் ஊறிப் போகிறதாம், மைலேஜ் குறைகிறதாம், நாளைக்கு என்ஜினே போய்விடுமாம். டீக்கடையில் பேசுவார்கள், வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவார்கள், அதோடு சரி. பிளஸ் டூவுக்கு வேதியியல் நடத்துகிற நான் அப்படிப் பேசிவிட்டுப் போக முடியுமா? எத்தனாலுக்குப் பெட்ரோலைவிடத் தண்ணீர் மேல்தான் பிரியம். கேனில் உள்ள பெட்ரோலில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கி வைத்தால், எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அடியில் உள்ள குழாயைத் திறந்து அதை வெளியேற்றிவிட்டால் மேலே நிற்பது பழைய காலத்துப் பெட்ரோல். வகுப்பில் அளவு ஜாடியில் செய்து காட்டியபோது பிள்ளைகள் கை தட்டினார்கள். அதையே வீட்டில் குடிதண்ணீர்க் கேனில் செய்தேன், அவ்வளவுதான்.

பங்க்கில் கேனில் தரமாட்டேன் என்றார்கள். பள்ளிக்கூட ஜெனரேட்டருக்கு என்றேன், தந்தார்கள். பத்து லிட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர் விட்டேன். அடியில் மூன்று லிட்டர் நின்றது. கண்ணெதிரே கணக்கு சரியாக வந்ததைப் பார்த்து எனக்கே கை தட்டலாம் போல இருந்தது. அடியில் இறங்கியதைக் கொல்லைப்புறம் கொட்டிவிட்டு, மேலே நின்றதைக் காரில் ஊற்றினேன்.

கார் சாந்தாமணியுடையது. என் மனைவி. மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். தினமும் திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டும். போன வருடம் தன் சேமிப்பில் ஒரு டாக்டரிடமிருந்து இந்தப் பழைய காரை வாங்கி, நாற்பத்தெட்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். நானும் கூடவே கற்றுக்கொள்ளப் போனேன். பள்ளியில் பரீட்சை நேரம் வந்துவிட்டதால் தொடர முடியவில்லை.

நான் பெட்ரோலைக் கழுவியபோது அவள் சந்தைக்குப் போயிருந்தாள். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆயிரம் கேள்வி கேட்பாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இரண்டாம் தடவை கழுவினேன். கை பழகிவிட்டது. விடைத்தாள் கட்டு ஒன்றை முடித்தேன். கேஸ் புக் செய்தேன்.

கொல்லையில் கறிவேப்பிலைச் செடி பட்டுப்போய் நிற்கிறது. யார் சுடுதண்ணி ஊற்றியது என்று சாந்தாமணி கேட்டாள். வெயில் என்றேன்.

சாப்பிடும்போது இன்னொன்றும் சொன்னாள். மலை ஏறும்போது என்ஜினில் யாரோ உள்ளே உட்கார்ந்து சுத்தியால் தட்டுகிற மாதிரி டக் டக் என்று சத்தம் வருகிறதாம். முன்பெல்லாம் வந்ததில்லையாம். ஓட்ட ஓட்டப் பழகிவிடும் என்றேன். அவள் ஒரு வருடமாக ஓட்டிக்கொண்டிருக்கிறாள் என்பது சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆக்டேன் எண் குறைந்தால் ஏற்றத்தில் என்ஜின் தட்டும். எத்தனால் ஆக்டேனைக் கூட்டும். எத்தனால் சேரும் என்று வைத்துத்தான் இப்போது கலப்புக்கு முந்தைய பெட்ரோலையே ஆக்டேன் குறைவாகத் தயாரிக்கிறார்கள் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆக, எத்தனாலை எடுத்தால் ஆக்டேனும் போகும். பாடத்தில் உள்ளதுதான், நானே நடத்துவதுதான். எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மறுபடி சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். கார் என்றால் சத்தம் வரும் என்றேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளியில் கொடியேற்றம், ஆரஞ்சு மிட்டாய். மாலை இருவரும் பண்ணாரி கோயிலுக்குப் போனோம். மலை ஏறுகிற வண்டியெல்லாம் அம்மனிடம் நின்றுதான் போகும். அவள் திருநீற்றை ஸ்டியரிங்கில் தொட்டு வைத்தாள், என் நெற்றியிலும் வைத்தாள்.

திரும்பி வந்து இறங்கும்போது எதிர்வீட்டுக்காரர், “என்ன வாத்தியாரே, அம்மணி ஓட்ட நீங்க ஜாலியா காத்து வாங்கீட்டு வர்றீங்களாட்ட இருக்குது” என்றார். நானும் சிரித்தேன். பெட்ரோலிலிருந்து காற்று வரை பார்த்துக்கொள்வதெல்லாம் நான்தான் என்று சொல்லி வைத்தேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சாந்தாமணி திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூன்றாம் தடவை. குலுக்கி வைத்த கொஞ்ச நேரத்திலேயே கேட் திறக்கிற சத்தம். பையை மறந்துவிட்டுச் சந்தையிலிருந்து பாதியில் திரும்பியிருக்கிறாள். அவசரத்தில் கேனை அப்படியே தூக்கிக் காரில் சாய்த்துவிட்டேன். அடியில் இருந்ததை முழுக்க இறக்கினேனா என்று தெரியவில்லை. பெரும்பாலும் இறக்கியிருப்பேன்.

என்ன செய்கிறீர்கள் என்றாள். டயருக்குக் காற்று பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மலையில் கார் நின்றுவிட்டது.

கொண்டை ஊசி வளைவு ஒன்றில், செங்குத்தான இடத்தில், துள்ளித் துள்ளி அணைந்துவிட்டதாம். கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யானை நடமாட்டம் உள்ள இடம், இறங்கவும் பயம். பின்னால் வந்த வேன்காரர்கள் தள்ளி ஓரமாகச் சமதளத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே சாவி போட்டதும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிவிட்டதாம்.

“நா என்னமோ தப்பு பண்ணிட்டனாட்ட இருக்குதுங்க” என்றாள். காபி போட்டுக் கொடுத்தேன்.

சமதளத்தில் ஓடுகிறது, ஏற்றத்தில் நிற்கிறது. டாங்க்கின் அடியில் தண்ணீர் தங்கியிருந்தால் இப்படித்தான் ஆகும். வண்டி சாயும்போது அது பம்ப் உறிஞ்சுகிற பக்கம் போய்ச் சேரும். வேறு காரணமும் இருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டுமா என்று யோசித்து, அடுப்பைத் துடைத்து, பேனாவுக்கு மை நிரப்பி, எல்லாம் ஆன பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு அவளோடு கருணாகரன் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவளுடைய தம்பி குழந்தைவேலுவும் கோபியிலிருந்து வந்திருந்தான். கருணாகரன் காரை எடுத்துக்கொண்டு ஆற்றுப்பாலம் வரை ஒரு சுற்றுப் போய் வந்தான். ஒரு குறையும் இல்லை, வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்றான். பிறகு, எல்லாம் இந்த எத்தனால் செய்கிற வேலையாகத்தான் இருக்கும், வாரத்துக்கு நாலு வண்டி இப்படி வருகிறது, டாங்க்கைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிடலாம் என்று சொல்லி ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டான்.

அந்த டாங்க்கில் எத்தனால் இருக்காது. இருந்தால் அடித் தண்ணீரில்தான் இருக்கும், பாட்டிலில் பிடித்தால் அந்தத் தண்ணீர் தனியாகத் தெரிந்துவிடும். ஊரிலேயே அதை அறிந்த ஒரே ஆள் நான்.

“எத்தனாலெல்லாம் இல்லப்பா” என்றேன். “இருவது பர்சென்டுக்கு என்ஜின் நின்னு போகாது. கொஞ்சம் மைலேஜ் கொறையும், ரப்பர் பழசா இருந்தா வருசக்கணக்குல ஊறும், அவ்வளவுதான். சும்மா ஊரே பயந்துக்குது.”

குழந்தைவேலு என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். போன மாதம் அவன் வீட்டு விசேஷத்தில் பந்திக்குப் பந்தி எத்தனாலைத் திட்டியவன் நான். “ஏன் மாமா, அன்னைக்கு வெசம்னீங்க?” என்றான். அப்புறம் நிறையப் படித்துப் பார்த்தேன் என்றேன். சாந்தாமணியும் எனக்கு ஒத்தாசையாகவே பேசினாள். அவளோடு வேலை செய்கிற மருந்தாளுநர் இதைவிடப் பழைய காரில், இதே பங்க்கில் பெட்ரோல் போட்டு, அதே மலையில் தினமும் ஏறுகிறாராம். ஒரு நாளும் நின்றதில்லையாம்.

கருணாகரன் ஸ்பேனரைக் கீழே வைத்தான். அப்படியானால் வண்டியில் ஒன்றுமில்லை, ஓட்டுகிறவர்களைத்தான் பார்க்க வேண்டும் என்றான். லேடீஸ் ஏற்றத்தில் பயந்துகொண்டு கிளட்ச்சை மிதித்தே வைத்திருப்பார்கள் என்று என்னிடம் சொன்னான், அவள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருக்கும்போது.

நான் அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் பாதிப் பாவம்தான். “மூணாவது கியர்லயே இழுத்திருப்பா. நா எத்தனையோ தரம் சொல்லியிருக்கறேன்” என்றேன்.

நான் ஒரு தரமும் சொன்னதில்லை. எனக்கு எந்த இடத்தில் எந்த கியர் என்றே தெரியாது. அவள் என்னைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் சொன்னதாகவே நினைவுபடுத்திக்கொள்ளப் பார்த்தாள் என்று தோன்றியது. பிறகு, “இனி ரெண்டாவதுல போறனுங்க” என்றாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று பெட்ரோல் கழுவவில்லை. கேனைப் பரணில் போட்டுவிட்டேன். அவளே பங்க்கில் போட்டுக்கொண்டு வந்தாள். கறிக்குழம்பு நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

மறுபடி நின்றுவிட்டது. இந்த முறை பின்னால் போய்விட்டது.

அதே பகுதிதான். அடியில் தங்கியது, மேலே புதுப் பெட்ரோல் ஊற்றினால் போய்விடாது. பாரம் ஏற்றிய லாரி பின்னால் வந்திருக்கிறது. கார் துள்ளி அணைந்ததும் பயத்தில் பிரேக்கை விட்டு எதையோ மிதித்திருக்கிறாள். லாரி பம்பரில் போய் முட்டியிருக்கிறது. பின் விளக்கு உடைந்தது, அவளுக்குக் காயம் இல்லை. லாரி டிரைவர் இறங்கி வந்து, வீட்டில் சமைப்பதை விட்டுவிட்டு மலையில் உனக்கு என்ன வேலை என்று அத்தனை வண்டிக்காரர்கள் முன்னால் கேட்டிருக்கிறான். பிறகு அவனே காரை மேலே ஓரம் கட்டிக் கொடுத்திருக்கிறான். கருணாகரனின் ஆள் போய்க் காரைக் கீழே கொண்டுவந்தான். இறக்கம்தானே, வண்டி சொன்னபடி கேட்டதாம்.

பஸ்ஸில் வீட்டுக்கு வந்தாள். யூனிபார்மை மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டி எனக்குக் காட்டினாள். நடுங்கிக்கொண்டிருந்தன. ஊசி போடுகிற கை. பச்சைக் குழந்தைக்கு நரம்பு தேடுகிற கை. நான் அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். போனால் போகிறது, உயிர் தப்பியதே என்றேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கார் பின் விளக்கு மாற்றி வாசலில் நிற்கிறது. சாந்தாமணி பஸ்ஸில் போகிறாள். காலையில் என் ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுகிறேன்.

செப்டம்பர் 1, திங்கள்

எந்த பஸ் கூட்டம் குறைவு, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று என்னிடம் கேட்டாள். விசாரித்து வந்து சொன்னேன். காலையில் தூறல் விழுந்ததால் ஸ்கூட்டரில் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வெகு நாளாயிற்று. பஸ் ஸ்டாண்டில் எதிர்வீட்டுக்காரர் பார்த்துக் கையசைத்தார். மாலையில் எனக்குப் பிடித்த இனிப்பு, கச்சாயம், வாங்கி வந்தேன். இந்த வாரம் வேலையெல்லாம் சுறுசுறுப்பாக நடக்கிறது.

செப்டம்பர் 4, வியாழன்

அந்த பஸ் போய்ச் சேருவதற்குள் டூட்டி மாறும் நேரம் தாண்டிவிடுகிறது. இன்று அவள் போவதற்குள் ஒரு பிரசவம் ஆகிவிட்டது. இரவு டூட்டி பார்த்த பெண் ஒற்றை ஆளாகச் சமாளித்திருக்கிறாள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சாந்தாமணிக்கு ஆறவில்லை. பிரசவ வார்டின் பொறுப்பு அவளுடையது. மலைக்கிராமத்துப் பெண்கள் வீட்டிலேயே பெற்றுக்கொண்டிருந்த காலத்திலிருந்து ஒவ்வொரு வீடாகப் போய்ப் பேசி அந்த வார்டுக்கு ஆள் வரவைத்தவள். பொறுப்பை வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டுக் கீழே மாற்றல் கேட்கப் போகிறேன் என்றாள். கார் இனி எதற்கு, விற்றுவிடலாம் என்றாள்.

நல்ல யோசனைதான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அது ஒன்றுதான் இந்த மாதத்தில் நான் செய்த நல்ல காரியம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

குழந்தைவேலு ஒருவரைக் கூட்டி வந்தான். நம்பியூரில் துணிக்கடை வைத்திருப்பவர், மகளுக்குக் கார் தேடுகிறார். சுற்றிப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார். இவ்வளவு நன்றாக வைத்திருக்கிற வண்டியை ஏன் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

“வண்டில ஒண்ணும் கொறையில்லீங்க. எனக்குத்தான் ஓட்ட வரல” என்றாள் சாந்தாமணி.

நான் தட்டில் காபி டம்ளர்களோடு நின்றேன். அவருக்குப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் போன பிறகு குழந்தைவேலு அக்காவைத் தேற்றினான். எல்லாருக்குமா எல்லாம் வரும், அக்கா இந்த வயதில் ஆசைப்பட்டதே பெரிது என்றான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் சமையலறைக்குப் போய் டம்ளர்களைக் கழுவினேன்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்தனை நாளாக இந்த வார்த்தையைச் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஒரு வழி யோசித்தேன். யாருக்கும் தெரியாமல் காரைப் பவானிசாகர் பக்கம் யாராவது மெக்கானிக்கிடம் கொண்டுபோய் டாங்க்கைச் சுத்தம் செய்துவிட்டால், பிறகு அவளை ஒரு தரம் ஏறிப் பார் என்று சொல்லலாம். ஏறிவிடும். காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும்.

ஆனால் காரைக் கொண்டுபோக எனக்கு ஓட்டத் தெரியாது. பரீட்சை நேரம் என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய். லைசென்ஸ் டெஸ்டுக்கு இருவரும் ஒரே நாளில்தான் போனோம். அவள் முதல் தடவையே எட்டுப் போட்டுவிட்டு இறங்கினாள். நான் இரண்டு தடவை கம்பத்தில் இடித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் அவள் அதைப் பற்றிப் பேசவே இல்லை. யாரிடமும் இதுவரை சொன்னதும் இல்லை. அவளாகவே “அவருக்குப் பள்ளிக்கூடத்துல வேலை ஜாஸ்தி” என்று என் மாமியாரிடம் சொன்னாள்.

என்னை அவள் அப்படி மூடிக் காப்பாற்றினாள். நான் ஒர்க்‌ஷாப்பில் நின்று மூன்றாவது கியர் என்றேன்.

செப்டம்பர் 11, வியாழன்

வெங்காயம் உரித்துக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி சொன்னாள். “அன்னைக்குப் பின்னால லாரி வந்துச்சு, செரி. லாரிக்குப் பதிலா பைக்குல கொழந்தைய வெச்சுக்கிட்டு யாராச்சும் வந்திருந்தா? நெனச்சா சோறு எறங்க மாட்டேங்குதுங்க. இத்தன வருசம் உசுரக் காப்பாத்தற வேலையப் பாத்துட்டு, நானே ஒரு உசுர எடுத்திருப்பேன்.”

நான் அங்கிருந்து எழுந்து போய்விட்டேன். வாசலைக் கூட்டினேன். கூட்டிய வாசலையே மறுபடி கூட்டினேன்.

அவள் சொன்ன அந்தக் குழந்தையை நான் எண்ணிக்கூடப் பார்த்ததில்லை. இந்த ஒரு மாதமாக நான் கவலைப்பட்டதெல்லாம் கருணாகரன் பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்துவிடுவானோ என்பதைப் பற்றித்தான்.

செப்டம்பர் 13, சனி

சொல்லிவிட்டேன்.

மதியம் அவள் காரைக் காலி செய்துகொண்டிருந்தாள். துண்டு, தண்ணீர் பாட்டில், முன்னால் ஒட்டியிருந்த அம்மன் படம். படத்தை உரிக்க வராமல் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். அதை உரிக்காதே என்றேன். ஏன் என்றாள். பரணிலிருந்து கேனை இறக்கிக்கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தேன்.

பெட்ரோலைக் கழுவியது, எத்தனாலைப் பிரித்தது, டக் டக் சத்தம், அவசரத்தில் அடித் தண்ணீரோடு சாய்த்தது, ஒர்க்‌ஷாப்பில் டாங்க்கைக் கழற்றவிடாமல் தடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி ஒரு ஒழுங்கில் சொல்லிக்கொண்டு போனதை நானே கேட்டேன். காருக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்று கடைசியில் சேர்த்தேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கார் கதவைச் சாத்திவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள்.

“அப்ப எனக்கு ஓட்ட வருமுங்களா?” என்றாள்.

வரும் என்றேன். உன்னை மாதிரி ஓட்ட இந்தத் தெருவில் ஆளில்லை என்றேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேறு குரலில் பேசினாள். டெலிவரி வார்டில் உறவுக்காரர்களை வெளியே அனுப்புகிற குரல் அது.

“எங்கிட்டச் சொன்னா ஆச்சுங்களா? நீங்க என்னைய எங்கிட்டயா கொறை சொன்னீங்க? கருணாகரன் இருந்தான், எந்தம்பி இருந்தான். நாளைக்கு அவிங்க எல்லாரையும் வரச் சொல்றேன். அந்தத் துணிக்கடைக்காரரும் வருவாரு. அவிங்க முன்னால சொல்லோணும்.”

சரி என்றேன். பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

எல்லாரும் வந்தார்கள். வாசலில் நாற்காலி போட்டிருந்தாள். எதிர்வீட்டுக்காரரும் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார், அவரையும் உட்கார வைத்தாள். கார் விற்பனைக்கு இல்லை என்று துணிக்கடைக்காரரிடம் முதலில் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஏன் என்று அவர் கேட்டதும் என்னைப் பார்த்தாள்.

சொன்னேன். கருணாகரன் நம்பாமல், காருக்கடியில் படுத்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் டாங்க்கிலிருந்து பிடித்தான். மேலே மஞ்சளாக ஒன்று, அடியில் தண்ணீராக ஒன்று. இரண்டுக்கும் நடுவில் கோடு கிழித்த மாதிரி இருந்தது. பாட்டில் கைக்குக் கை மாறியது.

அதன்பின் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். குழந்தைவேலு என் தோளைத் தட்டி, “மாமா, பெட்ரோலுக்கே தலைக்குக் குளிப்பாட்டி விட்டிருக்கீங்க” என்றான். எதிர்வீட்டுக்காரர் இருமும் வரை சிரித்தார். கருணாகரன், பரவாயில்லை சார், வண்டி நல்லா இருக்கோணும்னு நல்ல எண்ணத்துலதானே பண்ணீங்க என்றான். எத்தனால் கெடுதலா இல்லையா என்று துணிக்கடைக்காரர் என்னிடமே சந்தேகம் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். உண்மைதான். எத்தனால் இந்தக் காரை என்ன செய்யும் என்று பார்க்க நான் விடவே இல்லை.

என்னை அவர்கள் மன்னிக்கக் காபி ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. வாத்தியார் மூளை, ஓவராகப் படித்தால் இப்படித்தான், கார் மேல் அவ்வளவு அக்கறை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்று வாரமாக அவளை ஓட்டத் தெரியாதவள் என்றவர்களில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. எனக்கும் நெஞ்சு லேசாகிக்கொண்டு வந்தது. அக்கறைதான், வேறென்ன என்று நானும் சிரிக்கத் தொடங்கிவிட்டேன்.

சாந்தாமணி மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து கேட்டாள்.

“உங்க ஸ்கூட்டரு இந்தக் காரை விடப் பழசுதானுங்க. அதுக்கும் கழுவித்தான் ஊத்துனீங்களா?”

குழந்தைவேலு பாட்டிலைக் கீழே வைத்தான்.

“இல்லை” என்றேன்.

ஏன் என்று அவள் கேட்கவில்லை. காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். போகும்போது யாரும் என் தோளைத் தட்டவில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

கருணாகரன் நேற்றே டாங்க்கைக் காலி செய்து துடைத்துவிட்டான். காலையில் நான் கேட்டைத் திறந்துவிட்டேன். இத்தனை வருடத்தில் “போயிட்டு வர்றனுங்க” என்று சொல்லாமல் அவள் வாசல் தாண்டியதில்லை. சண்டை போட்ட நாளிலும் சொல்வாள். இன்று சொல்லவில்லை. காரைத் திருப்பி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, போய்விட்டாள். மேலே போய்ச் சேர்ந்ததும் தம்பிக்குத்தான் போன் செய்திருக்கிறாள். எங்கும் நிற்கவில்லையாம், சத்தமும் இல்லையாம். பங்க்கில் போட்ட பெட்ரோல், எத்தனாலோடுதான்.

அவள் கேட்காவிட்டாலும் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன். கழுவிய பெட்ரோலை வண்டியில் ஊற்றினால் என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு முதல் நாளே இருந்தது. அதனால்தான் ஸ்கூட்டரில் ஊற்றவில்லை. ஸ்கூட்டர் என்னுடையது.